அரை மில்லிவாட்

ராயப்பன் ஃபைலைத் தூக்கித் தேவநாதன் மடியில் போட்டான். "ஒரு தபா பாத்துடுடா. கணக்கை மட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

பீற்றிக்கொள்ளத்தான் கொடுக்கிறான் என்று தேவநாதனுக்குத் தோன்றியது. விழுப்புரத்தில் ஏறிய காலை பாசஞ்சர் முண்டியம்பாக்கத்தைத் தாண்டியிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் திண்டிவனம் கல்லூரியில் இருவரும் தங்கள் எம்.எஸ்சி. புராஜெக்டைப் பற்றிப் பேச வேண்டும். சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் தன் ஆய்வுக்கூடத்துக்கு ஒருவனை எடுத்துக்கொள்வார். இருப்பது ஒரு இடம். போட்டியில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்.

தேவநாதன் செய்தது மின்சார வெப்பமானி. அவனுக்கு முன்னால் மூன்று வருட சீனியர்கள் செய்த அதே வெப்பமானி. ராயப்பன் எடுத்தது, பேச்சை ஒளியாக்கிக் கண்ணாடி இழை வழியாக அனுப்பும் வலையமைப்பு. விழுப்புரம், திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை முப்பத்தெட்டு கிலோமீட்டர் இழையால் இணைத்தால், வழியில் எங்கும் வலுவேற்றாமல் வெளிச்சம் போய்ச் சேருமா என்பது கேள்வி. ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் சென்னைக்குப் போய், நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வுப் பத்திரிகைகளைக் கையால் எழுதி எடுத்து வந்தான்.

அந்தத் தலைப்பை முதலில் நினைத்தவன் தேவநாதன். நினைத்ததோடு சரி.

தேவநாதன் வீட்டுக்குத் திருவெண்ணெய்நல்லூரில் ஆறு ஏக்கர் கரும்பு. ராயப்பனின் அப்பா அந்த மாதிரிக் கொல்லைகளில் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர். சென்னையில் வெள்ளை கோட்டு போட்டுக்கொண்டு ராயப்பன் நிற்பதை நினைத்தாலே தேவநாதனுக்கு வயிறு எரிந்தது. கணக்கில் மட்டும் அவன் மட்டம். அது ஒன்றுதான் ஆறுதல்.

எதிர் வண்டிக்காக விக்கிரவாண்டியில் ரயில் நின்றது. ராயப்பன் டீ வாங்க இறங்கினான். தேவநாதன், புரொஜெக்டரில் காட்ட மசியால் எழுதியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டுகளைப் புரட்டினான். ஆறாவது ஷீட்டில், அனுப்பும் ஒளி அரை மில்லிவாட் என்று போட்டு அதற்கு லாகரிதம் டேபிளில் லாக் எடுக்கப்பட்டிருந்தது. ஒன்றுக்குக் குறைந்த எண்ணுக்கு லாக் எடுத்தால் முதல் இலக்கத்தின் தலைமேல் ஒரு சின்னக் கோடு போட வேண்டும். பார் என்பார்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் அரை ஐம்பதாகிவிடும். இரண்டு வருடமாக ராயப்பன் அதில்தான் தடுக்கி விழுவான். திருத்தித் தரச் சொல்லி லேப் ரெக்கார்டைத் தேவநாதனிடம் நீட்டுவான். இன்று சரியாகப் போட்டிருந்தான்.

தேவநாதன் விரலை நாக்கில் தொட்டு அந்தக் கோட்டை அழித்தான். விடையாக இருந்த மைனஸ் மூன்றை அழித்தான். ஃபைலில் செருகியிருந்த பேனாவை எடுத்துப் பதினேழு என்று எழுதினான். கடைசி விடையையும் அதற்கு ஏற்ப மாற்றினான்.

ராயப்பன் இரண்டு டீயோடு வந்தான். பார்த்தாயா என்று கேட்டான். பார்த்துவிட்டேன் என்று தேவநாதன் ஃபைலை மூடிக் கொடுத்தான். டீ சூடாக இருந்தது.

தேவநாதனின் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ராயப்பன் பேச ஆரம்பித்ததும் தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் இரண்டு முறை தலையாட்டினார். மூன்றாவது வரிசையில் இருந்த தேவநாதன் அதை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆறாவது ஷீட் திரையில் விழுந்தது. ராயப்பன் சட்டென்று நின்றான். திரும்பித் தேவநாதனைப் பார்த்தான். பிறகு பதினேழு என்றே படித்துவிட்டுத் தொடர்ந்தான்.

தேர்வாளர் கையைத் தூக்கினார். அரை மில்லிவாட் விளக்கு எப்படி ஐம்பது மில்லிவாட் ஆயிற்று என்று கேட்டார். ராயப்பன் சாக்பீஸை எடுத்துப் போர்டில் போட்டுப் பார்த்தான். அழித்துவிட்டு இன்னொரு முறை போட்டான். பார் போடத் தெரியாதவனுக்கு எதற்கு ஒளியிழை என்று அவர் சொன்னதும் ஹாலில் சிரிப்பு எழுந்தது.

"இந்தக் கணக்கை வேற யாராவது பாத்தாங்களாப்பா?" என்றார்.

ராயப்பன் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தான். "இல்லீங்க சார். நான்தான் போட்டேன்."

சாயந்திரம் நோட்டீஸ் போர்டில் தேவநாதன் பெயர் ஒட்டப்பட்டது. ஆனால் வகுப்புப் பையன்கள் போய் நின்றது ராயப்பனைச் சுற்றி. தோற்றவன் தோளில்தான் நாலு கைகள் விழுந்தன. தேவநாதனுக்கு அதுவும் எரிந்தது.

திண்டிவனம் பிளாட்பாரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்கு மணி அடித்தபோது ராயப்பன் வாயைத் திறந்தான்.

"அந்தப் பதினேழு உன் கையெழுத்துடா."

தேவநாதன் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தேடினான்.

"நீ திருத்தினா சரியாத்தான் இருக்கும்னு அப்படியே படிச்சிட்டேன்," என்றான் ராயப்பன். "லாக்குல உனக்கும் தப்பு வரும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிது."

தேவநாதன் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டான். "அவரு கேட்டாரே. ஏன் என் பேரைச் சொல்லல?"

"சொன்னா உனக்கும் போயிடும்லடா."