அக்கரையில் ஒரு பாவாடை

"அண்ணா, சீக்கிரம் தள்ளுங்க. அந்தப் பாவாடையை நெருப்புல போட்டுடுவாங்க."

கோரைத் தெப்பத்தில் முழங்காலிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள் ஹீபா. கொலராடோ ஆறு வெள்ளத்தில் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் கட்டைகளை அடுக்கி, சாவு வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

தெப்பக்காரர் வெளியூர் ஆள். அவள் இடுப்பை ஒரு பார்வை பார்த்தார். வில்லோ மரப்பட்டைப் பாவாடை சேறாகி, நார் நாராகத் தொங்கியது.

"உன்னோடது கிழிஞ்சுபோச்சு. அதான் செத்தவ பாவாடைக்கு அலையுறியாக்கும்?"

"அது நான் செஞ்சதுண்ணா. உள்பட்டையை உரிச்சு, சேத்துல புதைச்சு, மெத்துனு ஆகுறவரைக்கும் காத்திருந்து, ஒவ்வொரு நாரா கோத்தது."

"யார் செஞ்சா என்ன? செத்தவங்களோடது எல்லாம் அவங்களோட எரியணும். கூடை, பாவாடை, குடியிருந்த வீடு, எல்லாம்தான். அதுக்கப்புறம் அந்தப் பேரைக்கூட யாரும் வாயால சொல்லக்கூடாது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அதான் அவசரப்படுறேன்."

அவர் கழியை ஊன்றியபடி அவளை மறுபடியும் பார்த்தார். "எங்க வீட்டுச் சாவுன்னு சொல்லி ஏறினே. சொந்தம்னா முடியை வெட்டிக்கணும். உனக்கு இடுப்பு வரைக்கும் தொங்குது. அதுக்கு மனசு வரல, பாவாடை மட்டும் வேணுமா? நல்ல பொண்ணும்மா நீ."

உள்ளதைச் சொன்னால் இவரும் தெப்பத்தைத் திருப்பிவிடுவார். காலையில் ஒருவர் அப்படித்தான் நடு ஆற்றிலிருந்து திரும்பிப் போனார். ஹீபா இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தள்ளினாள்.

கரை நெருங்கியபோது கட்டையில் தீ பிடித்துவிட்டது. கூடைகள் போயின. பாசிமணி போயிற்று. காதோடு முடியை வெட்டியிருந்த அவள் கணவன், அழுது வீங்கிய முகத்தோடு பாவாடையைக் கையில் எடுத்தான்.

ஹீபா தண்ணீரில் குதித்தாள். விழுந்து எழுந்து ஓடி, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஒப்பாரி சட்டென்று நின்றது. கூட்டம் பின்னால் நகர்ந்தது.

அவள் மூச்சிரைக்கச் சொன்னாள்:

"போடாதேய்யா. வெள்ளத்துல போன நான் சாகல."