ஒரே மாதிரிப் படங்கள்

“இதெல்லாம் ஒரே படம்தாண்ணே. ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சிடறேன்” என்று துப்புரவு மென்பொருள் படங்களின் மேல் குறி போட்டுக்கொண்டே வந்தது.

“கொஞ்சம் நில்லு தம்பி” என்றது ஹார்ட் டிஸ்க்.

“எங்கே நிக்கறது? உங்களுக்கு மூச்சு விட இடமில்லே. இன்னொரு தடவை வேலைக்கு நடுவுல நின்னா உங்களைக் கழட்டிடுவாங்க.”

“நீ மட்டும் உன் பழைய பதிப்பையெல்லாம் சேர்த்து வச்சு இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கே.”

“அது என் சின்ன வயசுண்ணே. அதைப் பேசாதீங்க.”

“சரி, படத்துல யாரு, பாரு.”

“யாரோ பெரியவர். கட்டில் பக்கத்துல நிக்கறார். எல்லாத்துலயும் நிக்கறார்.”

“இந்தக் கம்ப்யூட்டரை வச்சிருக்கிற நம்ம தமயந்தியோட அப்பா. ரொம்ப நாள் படுக்கையில கிடந்து எழுந்த அன்னிக்கு எடுத்தது. இப்போ அவர் இல்லே. அந்தப் பொண்ணு இதைத் தனித்தனியாப் பார்க்காது. அம்புக்குறியை அழுத்திப் பிடிச்சுக்கும். படமெல்லாம் வரிசையா ஓடும். அவர் கட்டில்லேர்ந்து ஜன்னல் வரைக்கும் நடந்து போவார்.”

மென்பொருள் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஓடிப் பார்த்தது. திரும்ப ஒருமுறை ஓடியது.

“மெதுவாத்தான் நடக்கறார்” என்றது.

“ஜன்னலைப் பிடிச்சதும் திரும்பிச் சிரிப்பார், பார்த்தியா?”

மென்பொருள் தான் போட்ட குறிகளை ஒவ்வொன்றாக எடுத்தது. பிறகு தன் பழைய பதிப்புகள் இருந்த இடத்துக்குப் போய், எல்லாவற்றின் மேலும் குறி போட ஆரம்பித்தது.