சும்மா இருக்க வேண்டிய பீக்கர்

மூன்றாவது பீக்கர் இன்றைக்கும் நுரைத்தது.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. மூன்று நாளாக இதே கூத்து. டபுள் ஷிஃப்ட் பார்த்துக் கண் வேறு எரிந்தது.

ஒரகடத்தில் துணி மில்களுக்கு என்சைம் தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. நான் லேபில் கெமிஸ்ட். மூன்று பீக்கரிலும் பெராக்சைடு ஊற்றுவேன். ஒன்றில் வெறும் இரும்பு உப்பு, மெல்ல நுரைக்கும். இன்னொன்றில் அதே இரும்பை வயிற்றில் வைத்திருக்கும் என்சைம், பொங்கித் தள்ளும். உப்பு எவ்வளவு செய்கிறதென்று தெரிந்தால்தான் என்சைமின் சாமர்த்தியம் என்னவென்று பிடிபடும். மூன்றாவதில் வேறு எதுவும் போடுவதில்லை. அது சும்மா இருக்கணும்.

"யாரு கழுவினது?" மேனேஜர் ஹேமந்த் கத்தினார்.

வேறு யார்? பேச்சிதான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கான்ட்ராக்ட் பெண்.

"நல்லாத்தான் கழுவுனேன் சார்."

"இன்னா நல்லா? நாளைக்கு ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் ஃபேக்ஸ் பண்ணணும். கேட் பாஸை வெச்சுட்டுக் கெளம்பு. நாளையிலேர்ந்து வராதே."

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். ஒரு பீக்கரை ஒழுங்காக அலசத் தெரியவில்லை, போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தது.

அவள் போனபிறகு பீக்கரைத் திரும்பப் பார்த்தேன். போர்வெல் தண்ணீரின் இரும்பு ஒட்டியிருந்தால் உப்பு மாதிரி மெதுவாகத்தானே நுரைக்கணும்? இது என்சைம் மாதிரி சடசடவென்று பொங்குகிறதே! என்சைமே ஊற்றாத பீக்கருக்குள் அது எப்படி வரும்?

ரத்தத்தில் வரும். புண்ணில் பெராக்சைடு விட்டால் நுரைக்குமே, அதுவும் இதே என்சைம்தான்.

ஐயோ கடவுளே என்று வாசல் கேட்டுக்கு ஓடினேன். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"கையைக் காட்டுடி."

முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். இழுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் நீளமான வெட்டு. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வாய் பிளந்திருந்தது.

"இதோடயா மூணு நாளா கழுவினே? பைத்தியமா உனக்கு? வா, சார்கிட்ட சொல்லலாம். உன் வேலை போகாது."

"வேண்டாம் மேடம்."

"ஏண்டி?"

"கை எதுல வெட்டிச்சுன்னு கேப்பாருல்லா?"

"கேட்டா சொல்லேன். அதுல என்ன?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"திங்கக்கிழமை ஒடைஞ்ச பீக்கரை யாருக்கும் தெரியாம கழுவுற டப்புக்கு அடியில வச்சது நீங்கதான மேடம்? ஒங்களுக்கும் இன்னும் பெர்மனென்ட் ஆகலையே, எப்படிச் சொல்ல?"