ஆளுக்கொரு விமானம்

பெட்டியிலிருந்த உதிரித் துண்டுகளை ஒட்டி அவர் கட்டிய பழைய பிளாஸ்டிக் பொம்மை விமானத்துக்கு ஒரு இறக்கை நெட்டை, ஒரு இறக்கை குட்டை.

“அந்தக் காலத்து அச்சு அப்படித்தான்டீ. ஒண்ணும் ஒண்ணோட சேராது. அறுத்து, அராவி ஒட்டுறதுலதான் வித்தையே இருக்கு!” என்று மனைவியிடம் அளந்தபடி, நெட்டையை வெட்டிக் குட்டையாக்கினார். மீசையெல்லாம் பசை.

மைத்துனன் போனில் கூவினான். “மாமா, எனக்குக் குடுத்த விமானமும் அதே லட்சணம்தான்! நானும் அறுத்து ஒட்டிட்டேன்!”

“சபாஷ் மாப்ளே! கலைஞன்டா நீ!”

மனைவி மெல்ல வாயைத் திறந்தாள்.

“பரண்லேர்ந்து இறக்கும்போது ரெண்டு விமானப் பெட்டியும் கொட்டி, இறக்கையெல்லாம் கலந்துடுச்சுங்க. ஓரவஞ்சனை கூடாதேன்னு, நெட்டையில உங்களுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு, குட்டையில உங்களுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணுன்னு நான்தான் பங்கு போட்டேன்.”