நடு பெடல்

வாசிப்பில் அந்த இடம் வந்ததும் அவளுடைய இடது கால் தானாக நடு பெடலுக்குப் போனது.

கம்பளிப் பட்டை இறங்கவில்லை.

இறங்காது. இது வீட்டுப் பியானோ இல்லை. தேர்வு அறையின் நடுவில் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெரிய கறுப்புப் பியானோ. இதிலும் பெடல் மூன்றுதான். ஆனால் நடுவில் இருப்பதற்கு இங்கே வேறு வேலை.

வீட்டில் இருப்பது சுவரோடு ஒட்டி நிற்கும் பழசு. அதில் நடு பெடலை மிதித்தால், சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் இடையே ஒரு கம்பளிப் பட்டை இறங்கும். என்ன அடி அடித்தாலும் அடுத்த அறைக்கு முணுமுணுப்பாகத்தான் போய்ச் சேரும்.

பட்டை கைவிட்டதும் விரல்கள் பயந்துவிட்டன. புயல் அடிக்க வேண்டிய பக்கத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போயின.

மூன்றே பக்கம் உள்ள நாக்டர்ன். ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வரவேற்பறையில் நாலு பேர் உட்கார்ந்து கேட்பதற்காக யாரோ எழுதியது. முதலில் ஒரு மெட்டு, அமைதியாக. நடுவில் புயல். பிறகு அதே மெட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி.

இரவுக்கான இசை என்று பெயர். அவள் வீட்டில் பகல்தான் இரவு.

அப்பாவுக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. காலையில் புருவத்தில் மாவோடு வருவார், குளிப்பார், படுப்பார். அதிலிருந்து பொழுது சாய்கிறவரை வீட்டில் அம்மாவின் ஆட்சி. காலிங்பெல் ஒயர் பிடுங்கப்பட்டிருக்கும். குழாய் நூல் மாதிரி ஒழுகும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கூடத்தைக் கடக்க வேண்டும். தும்மல் வந்தால் மொட்டை மாடிக்கு ஓட வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் பியானோ முன்னால் உட்காருவதும் அந்த நேரத்தில்தான். 'அப்பா தூங்குறாரு' என்று அம்மா வாயைக்கூடத் திறக்காமல், கண்ணாலேயே சொல்லிவிடுவாள்.

தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். சால்வை போர்த்தியிருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இந்த எடத்துல புயல் வரணும். நீ டேபிள் ஃபேனைப் போட்டு விடுற."

மிட்டாய்க்காரர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் பியானோவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் கடையில் உட்கார்ந்து செல்போன்களுக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டும். மாமா நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

"இன்னொரு தடவை வாசி. அந்தக் காலை இழுத்து ஸ்டூலுக்கு அடியில வை."

வைத்தாள்.

மெட்டு ஒழுங்காக வந்தது. புயலுக்கு முந்தைய வரியில் அவள் கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் வராந்தா பெஞ்சில் அப்பா இருந்தார். ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்தவர், இன்னும் படுக்கவில்லை.

அவர் விழித்திருக்கும்போது அவள் இதுவரை வாசித்ததே இல்லை.

அடித்தாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மிட்டாய்க்காரர் சப்புவதை நிறுத்தினார். இரண்டு சுரம் தப்பாக விழுந்தது. தப்பையும் சத்தமாகவே போட்டாள்.

பிறகு பழைய மெட்டு திரும்பி வந்தது. இந்த முறை அதன் அமைதிக்கு ஒரு காரணம் இருந்தது.

அன்றைக்கு அவள்தான் கடைசி ஆள். இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக் கிசுகிசுத்தார்கள். சால்வை அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். மிட்டாய்க்காரர் பையிலிருந்து அவளுக்கும் ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்தாள்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தலை சுவரில் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. அவ்வளவு சத்தத்திலும்.

அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பெஞ்சை நோக்கி நடந்தாள். வராந்தாவில் ஈ பறந்தாலும் கேட்டிருக்கும்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா நிறுத்திட்ட? இப்பத்தான் கொஞ்சம் கண்ணு அசந்துச்சு."

"முடிஞ்சிருச்சுப்பா. சீட்டு கிடைச்சிருச்சு."

"கிடைக்காம?"

உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா எங்கேயாவது நிற்கிறாளோ என்பது போல வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல நீ வாசிக்கிறது பாதிதான் கேக்கும். மீதி என்னவா இருக்கும்னு காதைத் தீட்டிக்கிட்டே கெடப்பேன். நீ எந்திரிச்சுப் போற வரைக்கும் பொட்டுத் தூக்கம் வராது. உங்கம்மாகிட்ட சொல்லித் தொலைக்காத. அப்புறம் குழாயையும் சேத்துப் பிடுங்கிருவா."

அவள் குனிந்து பார்த்தாள். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது.

கீழே போட்டாள். சத்தம் வராந்தாவின் அந்தக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பியது.

அப்பா கொட்டாவி விட்டார்.