வீடு மாறினால் கோடும் மாறும்

காலனிப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத பள்ளிக்கூடத்தை மூடிவிட வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு, நாங்களும்தான் வெடி வெடித்தோம். எந்தப் பள்ளிக்கு எந்தத் தெரு என்று இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே கோடு போடுகிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலனிப் பிள்ளை போதும் என்று, காலனியில் எங்கள் வீட்டை மட்டும் அது உள்ளே இழுத்துக்கொண்டது.

என் மகள் இலக்கியாவை அங்கே யாரும் திட்டுவதில்லை. விளையாடக் கூப்பிடுவதும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் தனி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறாள். பள்ளி வாசல் பேனரில் மட்டும் அவள் படம் சிரிக்கிறது.

பொறுக்கமாட்டாமல் நாலு தெரு தள்ளி என் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனோம். விடிந்ததும் போனில் மேப்பைப் பார்த்தால், கோடு வால் மாதிரி நீண்டு அண்ணன் வீட்டையும் வளைத்திருந்தது.

"எங்க போனாலும் பின்னாடியே வருதே சார்!" என்று என் வீட்டுக்காரர் ஹெட்மாஸ்டரிடம் போய்க் கத்தினார்.

"பாப்பா அஞ்சாவது முடிக்கட்டும் தம்பி. அப்புறம் அதுவே உங்களை விட்டுடும்" என்றார் அவர்.

நேற்று சாயங்காலம் இலக்கியா ஒரு பை நிறைய மாதுளையும் பேரீச்சம்பழமும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஹெட்மாஸ்டர் குடுத்தாரும்மா. உன்னை நல்லா சாப்பிடச் சொன்னாரு."

எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.