மூன்று பிரிண்டரில் மாயா

இதை ஒழுங்காகச் சொல்ல வருமா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான். ஒரு வார்த்தை முன்னே பின்னே போனாலும் கதையே வேறாகிவிடும்.

என் மகள் மாயாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சமயம். அவள் போட்டோவை நாலு இடத்துக்குக் கொடுக்க வேண்டும். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஜார்ஜ் ஸ்டூடியோ இருக்கிறது. ஆனால் பொம்பளைப் பிள்ளைங்க படத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டி எங்கெங்கோ ஒட்டுகிறார்கள் என்று ஒரே பேச்சு.

"ஜார்ஜாண்ட குடுக்காதீங்கடி. படம் அவரு மிஷின்லயே தங்கிப்பூடும்" என்று தண்ணி லாரி வரிசையில் முதலில் சொன்னது நான்தான்.

மாயாவைத் தம்பியின் டிஜிட்டல் கேமராவில் எடுத்தோம். பிரிண்டர் வாங்க, அந்தக் கேமராவையும் எடுத்துக்கொண்டு திருவொற்றியூரில் சுயம்பு கடைக்குப் போனேன். திருநெல்வேலிக்காரர்.

"மூணு மாடல் இருக்குக்கா. மூணுலயும் ஒங்க படத்தையே போட்டுக் காட்டுதேன்."

முதலாவதில் மாயா செங்கல் நிறத்தில் வந்தாள். இரண்டாவதில் அப்படியே அவள். மூன்றாவதில் ஒரு மாதம் வெயிலே படாதவள் மாதிரி வெளுப்பாக.

"ரெண்டாவதுலதான் பாப்பா உள்ளபடி இருக்கா."

"உள்ளபடி இன்னாத்துக்குபா? மூணாவதக் கட்டு."

சுயம்பு சிரித்தார். "அது ஆறு கலர் மை உள்ளதுக்கா. வாரத்துக்கு ஒரு படமாவது எடுக்கணும், இல்லன்னா மை காஞ்சு அடைச்சுக்கிடும். ஈரக்கை பட்டா படம் கரைஞ்சிரும்."

"அதெல்லாம் பாத்துக்குறேன். பொண்ணு படம் வூட்ட வுட்டு வெளிய போகக்கூடாது. அவ்ளோதான்."

பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து மத்தியானம் ஜார்ஜ் வாசலில் வந்து நின்றார். கையில் ஒட்டிய கவர்.

"இன்னா சார்?" என்றேன். உள்ளே கூப்பிடவில்லை.

"பேப்பர் வாங்க சுயம்பு கடைக்குப் போயிருந்தேம்மா. பிரிண்டர் மேல மாதிரிக்குன்னு பாப்பா படத்த ஒட்டி வெச்சிருந்தாரு. வர்றவன் போறவன்லாம் பாக்குறான். அஞ்சாவதுல பாப்பாவ ஸ்கூல் போட்டோ எடுத்தவன் நானு, அடையாளம் தெரியாதா?"

பிரிண்டரை வாங்கின அவசரத்தில் அந்த மூன்று படங்களையும் கேட்டு வாங்க மறந்தே போயிருந்தேன்.

"மூணும் இதுல இருக்கு. கம்ப்யூட்டர்ல இருந்ததையும் அழிக்கச் சொல்லி, பக்கத்துலயே நின்னு பாத்துட்டுதான் வந்தேன். அவர ஒண்ணும் சொல்லாதீங்க, வெவரம் தெரியாம செஞ்சுட்டாரு."

"வேற யாருக்காச்சும் தெரியுமா சார்?"

"நான் ஏம்மா சொல்லப்போறேன்?"

படியிறங்கினவர் நின்றார். "கொஞ்ச நாளா ஸ்டூடியோவுக்குப் பொம்பளைங்க யாருமே வர்றதில்லம்மா. ஏன்னுதான் புரியல. சரி, வரேன்."

கவரைப் பிரித்து மூன்று படமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு சாபிரா வந்தாள்.

"அக்கா, என் பொண்ணு சபீஹாவுக்கும் எடம் பாக்குறோம். ஒரு போட்டோ வேணும். ஜார்ஜ் சாரப் பாத்தா பேஜாரா கீதுக்கா. மனுசன் ஈ ஓட்டிக்கினு குந்தினுகீறாரு. அவராண்டயே போவட்டா?"

நல்ல மனுஷன், தைரியமாகப் போ என்று வாய்வரைக்கும் வந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே. மாயா படம் கடையில் ஒட்டியிருந்த கதையையும் சொல்ல வேண்டி வரும். சாபிராவுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும்.

"அங்க வேணாம் சாபிரா. நாந்தான் அப்பவே சொன்னேனே, அந்தாள நம்ப முடியாது. என் வூட்டுக்கு வா, நான் எடுத்துத் தரேன்" என்றேன்.